சுமோவுக்குப் போக நினைக்கும் பையன்களின் அப்பா அம்மாவுக்கு

தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் நம் ஆட்கள் கூடும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், கொஞ்சம் பருமனான பையனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து "தம்பி, இவனுக்கும் உன்னை மாதிரியே சுமோ பைத்தியம், என்ன செய்யணும்னு சொல்லேன்" என்று கேட்கும் ஒரு அம்மாவாவது இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, எங்கே கேட்பது என்றும் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பணக் கணக்கு உட்பட.

அப்பாவுக்கு இங்கே ஐடி வேலை. ஏழு வயதில் வந்தேன், படிப்பு முழுக்க ஜப்பானியப் பள்ளிகளில். வகுப்பிலேயே பெரிய உடம்பு எனக்குத்தான், அதற்கான கிண்டலும் வேண்டிய அளவு கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் எங்கள் வார்டு நடத்திய வன்பாகு சுமோ போட்டிக்குக் கூட்டிப் போனார், அதுதான் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான சுமோ. அன்றைக்குத்தான் என் எடை எனக்கு உதவியது. இடுப்பில் சுற்றிக் கட்டும் சுமோ கச்சையான மவாஷியோடு நின்ற என் போட்டோவைப் பார்த்து அம்மா, "உங்க தாத்தா கோவணத்தோட வயலுக்குப் போனதைச் சொன்னாலே உங்கப்பாவுக்குக் கோபம் வரும், இப்ப மகன் ஊர் பார்க்க நிக்கிறான்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அப்புறம் நடுநிலைப் பள்ளியில் ஜூடோ, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து சுமோ களம் என்று போய்க்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடம், 2023 கோடையில், களத்துப் பயிற்சியாளர் ஒரு ஹேயாவில் பேசி, விடுமுறைக்கு அங்கே தங்கிப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

ஹேயா என்றால் வீடும் பயிற்சிக் களமும் ஒன்றாக இருக்கும் இடம். தொழில்முறை வீரர் யாரானாலும் ஏதாவது ஒரு ஹேயாவைச் சேர்ந்தவராக இருந்தே ஆக வேண்டும், தனியாள் என்று ஒருவர் கிடையாது. நாடு முழுக்க நாற்பத்துச் சொச்சம் ஹேயாக்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் 600 வீரர்கள். ஓய்வுபெற்ற வீரர் ஒருவர் ஓயாகாத்தா என்ற பெயரில் அதை நடத்துவார். ஆசானும் அவரே, வீட்டுப் பெரியவரும் அவரே. அவர் மனைவியை ஒகாமிசான் என்பார்கள், வீரர்களின் காய்ச்சல் தலைவலி முதல் வீட்டுக்குப் போன் செய்து பேசுவது வரை அவர் பார்த்துக்கொள்வார்.

அந்தத் தங்கலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அது சுற்றிப் பார்க்கும் பயணம் இல்லை. விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள், கீழ்ப்படியில் இருப்பவன்தான் முதலில் எழ வேண்டும். காலையில் சாப்பாடு கிடையாது. களத்து மண்ணைப் பெருக்கி, கருப்புப் பருத்தி மவாஷியைக் கட்டிக்கொண்டு (வெள்ளை கட்ட மேல் இரண்டு பிரிவினருக்கு மட்டுமே உரிமை) ஷிகோவில் தொடங்குவோம். காலைப் பக்கவாட்டில் தூக்கி ஓங்கி மிதிக்கும் அந்தப் பயிற்சி பார்க்க எளிது, நூறைத் தாண்டும்போது தொடை உங்களுடையதாக இருக்காது. பிறகு பாதம் தரையை விடாமல் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். பிறகு இரண்டு காலையும் விரித்து உட்கார்ந்து நெஞ்சைத் தரையில் வைக்க வேண்டும், என் நெஞ்சு இறங்காதபோது ஒருவர் முதுகில் ஏறி உட்கார்ந்தார். கடைசியில் புத்சுகாரி. பெரிய வீரர் ஒருவர் நெஞ்சைக் கொடுத்து நிற்பார், நான் மோதி அவரைக் களத்தின் மறுகோடி வரை தள்ள வேண்டும், அவர் என்னை உருட்டிவிடுவார், எழுந்து மறுபடி மோத வேண்டும். மூச்சு முட்டி, வாயில் மண் போய், சளியும் கண்ணீரும் ஒன்றாக ஒழுக நின்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இன்னொரு முறை" என்பார்கள், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து குளியலும் சாப்பாடும் தரவரிசைப்படி. மேல்நிலை வீரர்கள் சாப்பிடும்போது நாங்கள் பின்னால் நின்று பரிமாற வேண்டும், எங்கள் முறை வரும்போது சாங்கோ (கறியும் காய்கறியும் சேர்த்து வேகவைக்கும் சுமோ வீரர் உணவு) சட்டியில் கோழி தீர்ந்து குழம்பும் முட்டைக்கோஸும் மிஞ்சியிருக்கும். சோறு மட்டும் வேண்டிய மட்டும் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஒகாமிசானிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன், பெரிய பிரச்சினை ஆகவில்லை. இரண்டு காலில் நிற்கும் கோழிதான் வீரனுக்கு ராசி என்று ஒரு நம்பிக்கை இருப்பதால் கோழி நிறையவே வரும். சைவக் குடும்பமாக இருந்தால் கனவை இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

சாங்கோ சமைக்கும் மூத்த வீரர் ஒருவர் இருந்தார். முப்பது வயது தாண்டியவர், கீழிருந்து இரண்டாவது பிரிவான ஜோனிதானில் பல வருடமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவும்போது அவர்தான் எனக்குச் சம்பளக் கணக்கைச் சொன்னார். அதுவரை எனக்கும் அப்பாவுக்கும் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த கோடீஸ்வர யோகோசுனாக்கள், அதாவது உச்சப் பட்டம் பெற்றவர்கள்தான். உண்மை இது: ஆறு பிரிவுகளில் மேல் இரண்டுக்கு மட்டுமே மாதச் சம்பளம். மேல்பிரிவான மக்கூச்சியில் 42 பேர், அடுத்த ஜூரியோவில் 28 பேர், மொத்தம் 70 பேர். ஜூரியோ வீரருக்கு மாதம் 11 லட்சம் யென், யோகோசுனாவுக்கு 30 லட்சம். ஜூரியோவுக்கு ஒரே ஒரு படி கீழே இருக்கும் மக்குஷிதா வீரருக்குச் சம்பளம் பூஜ்யம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டித் தொடருக்கு 1,65,000 யென் படித்தொகை, அதோடு சரி. கடைசிப் பிரிவான ஜோனோகுச்சியில் அது 77,000. சோறும் தங்குமிடமும் ஹேயா பார்த்துக்கொள்ளும், அதனால் பட்டினி கிடையாது, சேமிப்பும் கிடையாது. கீழ் இரண்டு பிரிவினர் பனிக்காலத்திலும் வெளியே யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்புமாகத்தான் போக வேண்டும். கார் ஓட்டக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு தொடரிலும் பாதிக்கு மேல் ஜெயித்தால்தான் ஏற்றம், பாதிக்குக் கீழே போனால் இறக்கம். அந்த மூத்தவர், "எனக்கு இங்கே சோறு இருக்கிறது, கூரை இருக்கிறது. வெளியே போனால் என்ன வேலை தெரியும் எனக்கு?" என்றார். அதைக் கேட்டும் எனக்கு ஆசை விடவில்லை. அவர் நிலை எனக்கு வராது என்று பதினெட்டு வயதில் எல்லோரும்தானே நினைப்போம்.

தங்கல் முடிந்ததும் ஓயாகாத்தா அப்பாவையும் அம்மாவையும் வரச்சொன்னார். "பையனுக்கு இடுப்பு நன்றாகத் தாழ்கிறது, பயமும் இல்லை. எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு வெளிநாட்டவர் இருக்கிறார், முழங்கால் போய்விட்டது, வசந்தத் தொடரோடு விலகுவார். அதற்குப் பிறகு வா" என்றார். எங்களுக்கு 'எடுத்துக்கொள்கிறேன்' மட்டும் காதில் நின்றது.

இந்த விதியைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பு நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். 2002 முதல் ஒரு ஹேயாவுக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர்தான். 2010-இல் அதை இன்னும் இறுக்கி, ஜப்பானியக் குடியுரிமை வாங்கியவரும் அந்தக் கணக்கிலேயே வருவார் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் உள்ளே இருப்பவர் குடியுரிமை மாறினாலும் இடம் காலியாகாது, அவர் ஓய்வு பெற வேண்டும். ஹேயா விட்டு ஹேயா மாறுவதும் கிடையாது, மூடப்பட்டால் அல்லது இணைக்கப்பட்டால் தவிர. இங்கேயே வளர்ந்தவன், ஜப்பானியம் என் தாய்மொழி அளவுக்கு வரும் என்பதற்கெல்லாம் மதிப்பில்லை, கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் நான் வெளிநாட்டவன். பிரபல வீரர்களான தகாயாசுவுக்கும் மிதாகேயுமிக்கும் அம்மா பிலிப்பைன்ஸ்காரர், ஆனால் பிறப்பிலேயே ஜப்பானியர் என்பதால் அவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மங்கோலியரான தாமவாஷி 2004-இல் களம் இறங்கியவர், காயம் என்று ஒரு நாள் கூட விடாமல் ஆடி 2024 செப்டம்பரில் 1,630 தொடர் ஆட்டங்கள் என்ற பழைய சாதனையையும் தாண்டினார், இன்னும் நிற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வீரர். ஆனால் அவர் ஹேயாவின் ஒரே இடத்துக்காக ஒரு பையன் காத்திருந்திருந்தால் அவன் தாடி நரைத்திருக்கும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குளிர்காலம் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பரிந்துரை வழியில் இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென் அப்பா கட்டிவிட்டார், அது திரும்பி வராத பணம். பிப்ரவரியில் ஓயாகாத்தா போன் செய்து, பேசிவிட்டேன், ஒசாகாவில் நடக்கும் மார்ச் தொடரோடு அந்த மங்கோலிய வீரர் விலகுகிறார் என்றார். பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். ஏப்ரலில் அந்த மங்கோலிய அண்ணன் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, விலகப் போவதில்லை, கீழிருந்து மறுபடி ஏறி வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் மனசு மாறக் காரணம் என்ன தெரியுமா, தெருனோஃபுஜி. யோகோசுனாவுக்கு அடுத்த நிலையான ஒசேக்கியாக இருந்தவர், இரண்டு முழங்காலும் சர்க்கரை நோயும் சேர்ந்து 2019-இல் ஜோனிதான் வரை விழுந்தார், அங்கிருந்து ஏறி 2021-இல் 73-ஆவது யோகோசுனா ஆனார். சுமோவில் இதற்கு முன்பு யாரும் செய்யாத காரியம். கால் உடைந்த ஒவ்வொரு வீரனும் இன்று அந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். என் அறைச் சுவரிலும் தெருனோஃபுஜி படம்தான் இருந்தது. அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது, பல ராத்திரி வந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் விலகியிருக்க மாட்டேன் என்பதும் தெரியும். ஓயாகாத்தா அப்பாவிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை, ஒரு வீரனைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றிவிட்டு என்னை எடுத்திருந்தால் நானே அந்த இடத்தில் நிம்மதியாக இருந்திருக்க மாட்டேன். ஆனால் ஒன்று, ஹேயா உங்கள் பையனின் பதிவுப் படிவத்தை ஜப்பான் சுமோ சங்கத்தில் கொடுக்கும் வரை கல்லூரி இடத்தையோ வேலையையோ விடாதீர்கள். வாய்வார்த்தை எவ்வளவு நல்லவருடையதாக இருந்தாலும் அது வாய்வார்த்தைதான்.

அதற்கு அடுத்த வருடம் முழுக்கப் போனது. பார்ப்பவர்கள் எல்லாம் ஹக்குஹோ கதையைச் சொல்லி ஆறுதல் தருவார்கள்: 2000-இல் பதினைந்து வயதில் வெறும் 62 கிலோவோடு வந்தார், யாரும் எடுக்கவில்லை, ஊர் திரும்பும் நேரத்தில் ஒரு ஹேயா கூப்பிட்டது, பிறகு 45 பட்டங்கள். நல்ல கதைதான். அது ஒரு ஆள் விதி வருவதற்கு முந்தைய கதை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நான் வேறு ஹேயாக்களுக்குப் போன் செய்தேன். பெரும்பாலும் பதில் மரியாதையாக வரும், ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று. காலியாக இருந்த இடங்களில் சிலர் வெளிநாட்டவரே வேண்டாம் என்ற முடிவில் இருந்தார்கள், சிலர் மங்கோலியாவிலிருந்து பள்ளிக்கு வந்து படிக்கும் ஒரு பையனுக்காக இடத்தை வைத்திருந்தார்கள். குடும்ப விசாவில் இருந்ததால் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம், ஒரு கடையில் இரவு நேர வேலை பார்த்தேன். அதில் மாதம் ஒரு லட்சம் யெனுக்கு மேல் வந்தது, மக்குஷிதா வீரரின் படியை மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அதைவிட அதிகம் என்று ஒரு நாள் கல்லாவில் நின்றபடி கணக்குப் போட்டுச் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் வந்து சேர்ந்தார். ஹேயாக்களில் தனக்கு ஆட்கள் இருப்பதாகச் சொல்லி, அறிமுகச் செலவு என்று 1,50,000 யென் வாங்கினார். அவர் செய்தது என்னை ஒரு ஹேயாவின் காலைப் பயிற்சியைப் பார்க்கக் கூட்டிப் போனது. அது முன்கூட்டிப் போனில் கேட்டால் சில ஹேயாக்கள் இலவசமாகவே அனுமதிப்பது. பிறகு அவர் போனை எடுக்கவில்லை. சுமோவில் சேர கட்டணம் என்று ஒன்று இல்லவே இல்லை, சேர்ந்தவரை வளர்க்க ஹேயாவுக்குச் சங்கம்தான் பணம் தருகிறது. காசு கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சரியான வழி பள்ளிப் பயிற்சியாளர், அல்லது உள்ளூர் அமெச்சூர் களத்தில் இருப்பவர்கள். வெளிநாட்டவருக்கு இரண்டு பேர் உத்தரவாதக் கையெழுத்தும் போட வேண்டும், அதற்கும் இந்த மாதிரி ஆட்கள்தான் துணை.

2025-இல் ஒரு தொடரைத் தொலைக்காட்சியில் பார்க்கவே பிடிக்காமல் இருந்தேன். உக்ரைனிலிருந்து போருக்குத் தப்பி 2022-இல் வந்த அவோநிஷிகி என்னைவிட ஒரு வயது பெரியவர், அவ்வளவுதான். 2023-இல் களம் இறங்கி, 2025 மார்ச்சில் மக்கூச்சி, நவம்பரில் ஃபுகுவோகாவில் பட்டம், உடனே ஒசேக்கி. பொறாமையா என்றால் ஆமாம். ஆனால் அவர் எப்படி உள்ளே வந்தார் என்று பார்த்தபோதுதான் எனக்கு வழி கொஞ்சம் தெளிவானது. அவர் ஜூனியர் உலகப் போட்டிக்கு ஜப்பான் வந்தபோது பழக்கமான ஒரு கன்சாய் பல்கலைக்கழக மாணவரின் உதவியோடு, அந்தக் கல்லூரி சுமோ அணியோடு பயிற்சி செய்து, பிறகுதான் காலி இடம் இருந்த ஹேயாவுக்குப் போனார். முதலில் பழக்கம், பிறகு இடம்.

அதனால் வயது கையில் இருக்கும் பையனுக்கு என் யோசனை, நேராக ஹேயா வாசலுக்குப் போகாமல் நல்ல சுமோ அணி இருக்கும் உயர்நிலைப் பள்ளியோ கல்லூரியோ தேடுவது. சேர வயது 23-க்குள் இருக்க வேண்டும், அமெச்சூர் போட்டிகளில் குறிப்பிட்ட தகுதி பெற்றவருக்கு 25 வரை விலக்கு உண்டு. முன்பு 167 செ.மீ., 67 கிலோ என்று கட்டாயம் இருந்தது, 2023-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். தேசிய அளவில் மேலிடம் பிடித்தால் அடிமட்டத்தைத் தாண்டி நடுப்பிரிவிலேயே நுழையலாம், ஒனோசாதோ அப்படி 2023 மே மாதம் மக்குஷிதாவில் தொடங்கி 13 தொடர்களில் யோகோசுனா ஆனார். வெளிநாட்டவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மங்கோலியரான இச்சினோஜோ தொத்தோரியில் பள்ளியில் படித்து, அமெச்சூர் பட்டம் ஒன்றை ஜெயித்து, 2014-இல் அப்படித்தான் வந்தார். சரிவராமல் போனாலும் கையில் ஒரு படிப்பு இருக்கும், இது சின்ன விஷயம் இல்லை. கீழ்ப்பிரிவிலேயே ஓய்வு பெறும் வீரர்களில் பலர் சாங்கோ உணவகம், முதியோர் பராமரிப்பு என்று போகிறார்கள், நல்ல வேலைகள்தான், ஆனால் முப்பது வயதில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓயாகாத்தாவாகச் சங்கத்தில் தொடரலாம் என்று கனவு கண்டால் அதற்கு ஜப்பானியக் குடியுரிமை வேண்டும், மேல்பிரிவுகளில் நீண்ட சாதனையும் வேண்டும்.

அம்மாக்கள் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, உள்ளே அடிப்பார்களா என்று. 2007-இல் ஒரு ஹேயாவில் 17 வயதுப் பையன் தாக்கப்பட்டு இறந்தான், ஓயாகாத்தாவே சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு விதிகள் மாறின, கண்காணிப்பு கூடியது, இருந்தும் இடையிடையே செய்தி வரத்தான் செய்கிறது. அதனால் தங்கிப் பார்க்காமல் எந்த ஹேயாவிலும் சேர்க்காதீர்கள். தங்கியிருக்கும்போது தினமும் போனில் பேச விடுகிறார்களா என்று பாருங்கள், ஒகாமிசானை நேரில் சந்தியுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பையன்கள் சாப்பிடும்போது சிரித்துப் பேசுகிறார்களா என்று கவனிக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் இதைவிட நல்ல சோதனை இல்லை.

நான் மறுபடி தேர்வு எழுதி ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன், இன்னொரு சேர்க்கைக் கட்டணம் கட்டி. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கல்லூரி சுமோ அணியில் இருக்கிறேன். அந்த ஹேயாவின் மங்கோலிய அண்ணன் மக்குஷிதாவுக்கு அடுத்து கீழே உள்ள சான்தான்மே பிரிவில் ஆடிக்கொண்டிருக்கிறார், காலையில் அவர் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன், ஜெயித்தால் சந்தோஷம்தான். 23-க்குள் ஏதாவது இடம் திறந்தால் போவாயா என்று தம்பி கேட்கிறான். இப்போதைக்குத் தெரியாது.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. வன்பாகு சுமோவுக்குக் குடியுரிமை தடையில்லை, பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், ஜெயித்துக்கொண்டே போனால் நாலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை உள்ளவர்கள் தேசியப் போட்டிக்கே போகலாம். உங்கள் வார்டு அலுவலகத்திலோ பள்ளியிலோ கேட்டால் எந்த மாதம் என்று சொல்வார்கள். மவாஷி அங்கேயே தருவார்கள், கட்டத் தெரியாவிட்டால் கட்டியும் விடுவார்கள். ஒரு பெரிய துண்டும் மாற்றுடையும் கொண்டு போங்கள், மண் காதுக்குள் வரை போகும்.